நீந்தும்போது காதுக்கு என்ன வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு சிறிய பாமசியின் மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகளாக நிற்கின்றேன். இரணைமடுக் குளமும் வவுனிக்குளமும் நிறைந்து கிடக்கும் மாதங்களிலும், பாடசாலை விடுமுறையில் பிள்ளைகள் தோட்டக் கிணற்றிலும் வாய்க்காலிலும் பொழுதைக் கழிக்கும் நாட்களிலும், காதைப் பொத்திக்கொண்டு வருகின்றவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களை மட்டும் ஆறுதலாக இருந்து எழுதியிருக்கின்றேன். நான் வைத்தியரல்ல, மருந்து கொடுக்கின்றவன். எந்த இடத்தில் வைத்தியரிடம் போகவேண்டும் என்பதை அந்தந்தப் பதிலிலேயே சொல்லியிருக்கின்றேன்.

தண்ணி காதுக்குள்ளை போனாலே காது வடியும் எண்டு அம்மம்மா சொல்லுறா. உண்மையோ?

பாதி உண்மை. வளர்ந்த ஒருவரின் காதுத் துளை ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் நீளமான, சற்று வளைந்த குழாய்; அதன் உள்முனையைச் செவிப்பறை மூடியிருக்கின்றது. செவிப்பறையில் ஓட்டை இல்லையென்றால் குளத்துத் தண்ணீர் அதற்கு அப்பால் போக முடியாது. உள்ளே போனது தலையைச் சரித்தால் வெளியே வந்துவிடும், அல்லது காய்ந்துவிடும்.

தோல் ஊறுவதிலிருந்துதான் தொல்லை தொடங்குகின்றது. வயலில் நாள் முழுவதும் தண்ணீருக்குள் நின்றவரின் கால்விரல் இடுக்கு வெளுத்துச் சேற்றுப்புண் ஆவதுபோல, மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும் காதுத் துளையின் தோலும் ஊறி இளகுகின்றது. வழமையாக அந்தத் தோலைக் காப்பது குறும்பி. அது தண்ணீரை ஒட்டவிடாது, இலேசான புளிப்புத் தன்மையால் கிருமியையும் வளரவிடாது. அந்தக் குறும்பியைத்தான் நாங்கள் கொட்டன் பட்ஸாலும் நெருப்புக்குச்சியாலும் கோழி இறகாலும் வழித்தெடுக்கின்றோம். ஊறிய தோலில் ஒரு கீறல் விழுந்தால் தண்ணீரில் வாழும் சூடோமோனாஸ் போன்ற கிருமிகளுக்கு அதுவே வாசல். ஆகவே அம்மம்மாவின் பேச்சோடு, குளித்துவிட்டுக் காதைக் குடையக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிக்காது, நடுக்காது எண்டு டொக்டர் என்னவோ சொன்னார். எங்கடை பிள்ளைக்கு எது எண்டு எப்பிடித் தெரியும்?

மேலே சொன்னது வெளிக்காது அழற்சி. முதலில் காது கடிக்கும், பிறகு குத்தும். காதுத் துளையின் முன்பக்கத்தில் இருக்கும் சிறு குருத்தை விரலால் அழுத்தினாலோ காதுமடலை மெல்ல இழுத்தாலோ பிள்ளை துள்ளி விலகும். நடுக்காது அழற்சி வேறு வழியால் வருவது. தடிமன் பிடித்து மூக்கடைத்த பிறகு, மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் குழாய் வீங்கி, செவிப்பறைக்குப் பின்னால் சளி தேங்கிச் சீழாகின்றது. காய்ச்சலும் இருக்கலாம், ஆனால் காதுமடலை இழுப்பதால் வலி கூடுவதில்லை.

இந்த வேறுபாட்டை ஏன் சொல்கின்றேன் என்றால், காதடைப்பான் தடுக்கக்கூடியது முதலாவதை மட்டுமே. தடிமனுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் காது குத்தும் பிள்ளைக்கு எவ்வளவு விலையான அடைப்பானை வேண்டிக் கொடுத்தாலும் பயனில்லை. பிள்ளையின் காதை அறிந்த பிறகு அடைப்பானைத் தேடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

அப்ப நீந்திற எல்லாரும் காதடைப்பான் வைக்க வேணுமோ?

வேண்டியதில்லை. பின்னேரம் ஒரு முழுக்குப் போட்டு ஏறுகின்றவர் தலையை இரண்டு பக்கமும் சரித்து, காதுமடலை இழுத்துத் தண்ணீரை வடியவிட்டு, துவாயின் நுனியால் வெளிப்புறத்தை ஒற்றினாலே போதும். வீட்டில் தலைமயிர் உலர்த்தும் கருவி இருந்தால், மிகக் குறைந்த சூட்டில் ஓர் அடி தள்ளிப் பிடித்து அரை நிமிடம் காற்றுவிடலாம்.

அடைப்பான் தேவைப்படுகின்றவர்கள் வேறு. நாள்தோறும் பயிற்சிக்குத் தண்ணீரில் இறங்குகின்றவர்கள், ஒரே ஆண்டில் இரண்டு மூன்று தடவை வெளிக்காது அழற்சி வந்தவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், காதில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். காதுக்குள் சொறி, செதில் உள்ளவர்களுக்கும் தேவை இருக்கலாம், ஆனால் அடைப்பானே அவர்களுடைய தோலை உரசிப் புண்ணாக்கவும் கூடும் என்பதால் வைத்தியரைக் கேட்டுத்தான் வைக்கவேண்டும்.

என்னென்ன வகை இருக்கு? எது நல்லது?

நான்கைச் சொல்லலாம். முதலாவது, சிலிக்கன் களி: வெள்ளையாகவோ நிறமாகவோ சிறு உருண்டைகளாகப் பெட்டியில் வரும். இது துளைக்குள் போவதில்லை, துளையின் வாயை மேலிருந்து மூடுகின்றது. எந்த அளவுக் காதுக்கும் பொருந்தும், ஆனால் சில தடவைகளில் அழுக்குப்பட்டு ஒட்டும் தன்மையை இழந்துவிடும். இரண்டாவது, குடைபோல இரண்டு மூன்று தட்டுகள் அடுக்கிய மென்மையான ரப்பர் அல்லது சிலிக்கன் அடைப்பான். இது துளைக்குள் போவது. கழுவிக் கழுவி மாதக்கணக்கில் பாவிக்கலாம், ஆனால் அளவு பிழைத்தால் ஒன்றுக்கும் உதவாது.

மூன்றாவது, உங்கள் காதின் அச்சிலேயே செய்து தரப்படுவது. காதுகேள் கருவி பொருத்தும் நிலையங்களில், செவிப்பறையைக் காக்க உள்ளே ஒரு சிறு பஞ்சுத் தடுப்பை வைத்து, களியை ஊற்றி அச்செடுத்து, அதன்படி சிலிக்கனில் வார்ப்பார்கள். விலை கூட, யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போய்வரும் செலவு வேறு. வளர்ந்தவர் கவனமாக வைத்திருந்தால் சில ஆண்டுகள் பாவிக்கலாம். வளரும் பிள்ளைக்குக் காதும் வளர்வதால் அடிக்கடி புதிதாகச் செய்யவேண்டி வரும். நான்காவது அடைப்பானே அல்ல, காதுகளை மூடிக் கட்டும், நியோப்பிரீன் என்ற செயற்கை ரப்பரால் செய்த தலைப்பட்டி. அது தனியே தண்ணீரை மறிக்காது, ஆனால் அடைப்பான் கழன்று போகாமல் பிடித்துக்கொள்ளும்.

முதல் முறை வேண்டுகின்றவருக்கும் பிள்ளைகளுக்கும் நான் எடுத்துக் கொடுப்பது களி. நாள்தோறும் நீந்தும் வளர்ந்தவருக்குத் தட்டு வைத்தது. செவிப்பறையில் ஓட்டை உள்ளவர் குளத்தில் இறங்கத்தான் வேண்டுமென்றால் அச்செடுத்துச் செய்தது. பெட்டியின் படத்தையோ விலையையோ பார்த்து எடுக்காதீர்கள்; ‘நீச்சலுக்கு’ என்று பெட்டியில் எழுதியிருக்கின்றதா என்று பாருங்கள். டெசிபல் என்று போட்டிருக்கும் எண் சத்தத்தைக் குறைக்கும் அளவைத்தான் சொல்கின்றது, தண்ணீரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

கடையிலை மஞ்சள் பஞ்சு மாதிரி ஒண்டு மலிவாக் கிடக்கு. அது காணாதோ?

காணாது. அது நெல் ஆலையிலும் மர ஆலையிலும் வேலை செய்கின்றவர்கள் சத்தத்துக்காக வைக்கும் நுரை அடைப்பான். விரலால் உருட்டி மெலிதாக்கி உள்ளே விட்டால் மெதுவாக விரிந்து துளையை நிரப்பும். அதன் துளைத்துளையான உடம்பு தண்ணீரை மறிக்காது. உறிஞ்சி, ஈரப் பஞ்சாகத் தோலோடு ஒட்டி நிற்கும்.

இதை நான் சொந்தச் செலவில் படித்தேன். மூத்தவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, மில்லில் வேலை செய்த தம்பி கொடுத்த ஒரு சோடியை அவனுடைய காதில் வைத்து வாய்க்காலில் இறக்கிவிட்டேன். ஏறிவந்து எடுக்கப் பார்த்தால் வலப்பக்கத்தது தேத்தண்ணீரில் நனைத்த பாண்போல ஊதி, பிடிக்கப் பிடிக்கத் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து வந்தது. மிச்சத்தை வெளிநோயாளர் பிரிவில் ஒரு தாதி வளைந்த இடுக்கியால் எடுத்தார். ‘நீங்கள் பாமசியில்தானே வேலை?’ என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

பஞ்சிலை வசலின் பூசி வைக்கிறது காலம் காலமாச் செய்யிறது தானே?

செய்கின்றார்கள், முழுகும்போதும் வாளியால் அள்ளி வார்க்கும்போதும் வைப்பதற்கு வைத்தியர்களே அதைத்தான் சொல்கின்றார்கள். பஞ்சை ஓர் உருண்டையாக்கி, வெளிப்புறம் முழுவதும் வசலினைத் தடவி, துளையின் வாயில் வைத்து, முழுகி முடித்தவுடன் எடுத்து எறிந்துவிடவேண்டும். தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நீந்துவதற்கு இது தாங்காது. வசலின் பூசாத வெறும் பஞ்சோ, நான் மேலே சொன்ன நுரையின் வேலையைத்தான் செய்யும்.

சிலிக்கன் களி வேண்டினன். அதை உள்ளுக்குத் தள்ளுறதோ?

தள்ளக்கூடாது. தலைமயிரை ஒதுக்கி, காதையும் கையையும் நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தில் களி ஒட்டாது. ஒரு முழு உருண்டையை உள்ளங்கைச் சூட்டில் உருட்டி இளக்கி, துளையின் வாயில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தேய்த்து, ரொட்டியை ஓரம் அழுத்துவதுபோல விளிம்புகளை அழுத்தி ஒட்டுங்கள். வைத்து முடித்த பிறகு அது ஒரு மூடியாகத் தெரியவேண்டும்.

மிச்சம் பிடிக்கலாம் என்று ஓர் உருண்டையை இரண்டாகப் பிரிக்கின்றவர்கள் உண்டு. சிறிய துண்டு துளைக்குள் நழுவிப்போகும், பிறகு அதை வைத்தியசாலையில்தான் எடுக்கவேண்டும். எடுக்கும்போதும் சட்டென்று இழுக்காமல், ஓர் ஓரத்தைக் கிளப்பிக் காற்றை உள்ளே விட்டு, மெதுவாக உரித்தெடுங்கள். தட்டு வைத்த அடைப்பானையும் இலேசாகத் திருகித்தான் எடுக்கவேண்டும். ஒரேயடியாக இழுத்தால் உள்ளே ஏற்படும் உறிஞ்சல் செவிப்பறையை நோகச் செய்யும்.

சரியா இருக்கோ எண்டு தண்ணியிலை இறங்க முன்னம் எப்பிடிப் பாக்கிறது?

வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். காது நன்றாக அடைபட்டிருந்தால் உங்கள் குரல் தலைக்குள்ளேயே, பானைக்குள் பேசுவதுபோல முழங்கும். ஒரு பக்கம் முழங்கி மற்றப் பக்கம் வெறுமையாகக் கேட்டால் அந்தப் பக்கம் இடைவெளி இருக்கின்றது. பிறகு வாயை இரண்டு மூன்று தடவை அகலத் திறந்து மூடுங்கள். தாடை அசையும்போது காதுத் துளையின் வடிவமும் மாறும், பொருந்தாத அடைப்பான் அப்போதே தளரும்.

தட்டு வைத்ததை உள்ளே விடும்போது, மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த துளை நேராகும். சிறு பிள்ளைகளுக்குக் கீழும் பின்னுமாக இழுக்கவேண்டும். அழுத்தமாக இருப்பது சரி, நோகக்கூடாது. பெரும்பாலானோருக்கு இரண்டு காதும் ஒரே அளவல்ல. ஒரு சோடியில் ஒன்று மட்டும் கழன்று கழன்று விழுவதற்குக் காரணம் அதுதான்.

சின்னப் பிள்ளைக்கு எத்தினை வயசிலையிருந்து வைக்கலாம்?

வயதைவிடப் பிள்ளையின் குணத்தைப் பார்ப்பது நல்லது. எடுத்து வாயில் போடுகின்ற வயதில் எந்தச் சிறு அடைப்பானும் ஆபத்து, தொண்டையில் சிக்கும். அதற்கு மேல், வேறு காரணம் இல்லாத பிள்ளைக்கு மூன்றாம் கேள்வியில் சொன்ன உலர்த்தலே போதுமானது. வைத்தியர் வைக்கச் சொன்னால் களியை நீங்களே வைத்து, மேலே தலைப்பட்டியைக் கட்டி, நீங்களே எடுங்கள். பெட்டியில் குறிப்பிட்டிருக்கும் வயதெல்லையையும் வாசியுங்கள்.

குளம், கிணறு, கடல், தடாகம். இதிலை காதுக்குக் கூடாதது எந்தத் தண்ணி?

ஒரே குளமே மார்கழியில் ஒன்று, ஆவணியில் ஒன்று. வாடைமழையில் கனகராயன் ஆற்றுத் தண்ணீர் வந்து இரணைமடு நிறைந்திருக்கும்போது இருக்கும் நிலைமை, சோளகக் காற்று அடித்துத் தண்ணீர் இறங்கி, மாடும் எருமையும் கலக்கிய சேற்று ஓரம் மட்டும் மிஞ்சும்போது இருப்பதில்லை. சூடான, ஓடாத, பாசி பிடித்த நன்னீர்தான் வெளிக்காதுக்கு மிகவும் பகை. சிறு குளங்களும் பாவனையில்லாத கேணிகளும் அந்த மாதங்களில் இன்னும் மோசம். முல்லைத்தீவுக் கடலில் தண்ணீரைவிட மணல்தான் கரைச்சல். அலை அடித்து ஏற்றிய மணலைக் குடைந்தெடுக்கப் போய்த்தான் தோல் கிழிகின்றது. நந்திக்கடல் போன்ற களப்புகளில் தண்ணீர் வற்றிச் சேறாகும் காலத்தைத் தவிருங்கள்.

நீச்சல் தடாகத்தில் குளோரின் சரியான அளவில் இருந்தால் கிருமி குறைவு. லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் குறையாத குளோரினும், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.0க்கும் 7.8க்கும் இடைப்பட்டும் இருக்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. பொறுப்பாளரிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் குளோரின் தண்ணீரும் குறும்பியைக் கழுவித் தோலை வறட்டும் என்பதால், நாள்தோறும் இரண்டு மணித்தியாலம் நீந்தும் பிள்ளைக்குச் சுத்தமான தடாகத்திலும் காது கடிக்கலாம்.

கடைசிச் சண்டைக்குள்ளை ஷெல் விழுந்து காது அடிச்சது. இப்பவும் ஒரு பக்கம் மந்தம். குளத்திலை நீந்தலாமோ?

இந்தக் கேள்வியை இங்கே பலர் கேட்டிருக்கின்றார்கள். கேட்காமல் போனவர்கள் அதைவிடக் கூட என்று நினைக்கின்றேன். குண்டு வெடிக்கும்போது எழும் காற்றழுத்தம் செவிப்பறையைக் கிழிக்கும். சிறிய கிழியல்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்ளும். பெரியவை மூடாமல் அப்படியே நின்றுவிடும். 2009இல் சிறுவராக இருந்து, யாரும் காதைப் பார்க்காமலே வளர்ந்தவர்கள் உண்டு. முழுகிய ஒவ்வொரு தடவையும் வலியில்லாமல் காது வடிந்தால், அல்லது மூக்கைச் சிந்தும்போது காதால் காற்றுப் போவதுபோல இருந்தால், ஓட்டை இருக்கக்கூடும்.

எந்த அடைப்பானும் வேண்டுவதற்கு முன்னர் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் ஒருமுறை பாருங்கள். கருவியால் பார்த்தவுடன் ஓட்டை இருக்கின்றதா என்று சொல்லிவிடுவார்கள். ஓட்டை இருந்தால் தண்ணீர் நேரே நடுக்காதுக்குப் போகும், சீழ் பிடிக்கும். அதைவிட உடனடியான ஆபத்து ஒன்று உண்டு. குளிர்ந்த தண்ணீர் உள்ளே பட்டவுடன் தலை சுற்றும். கரையில் சுற்றினால் இருந்துவிடலாம், ஆழத்தில் சுற்றினால் எது மேல் எது கீழ் என்றே தெரியாது. ஆகவே அச்செடுத்துச் செய்த அடைப்பானும் தலைப்பட்டியும் இல்லாமல் நீந்தவேண்டாம். வைத்தாலும் குதிக்கவோ சுழியோடவோ வேண்டாம், தனியாகவும் இறங்கவேண்டாம். ஓட்டையை மெல்லிய சவ்வை ஒட்டி மூடும் சத்திரசிகிச்சையும் உண்டு. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் செய்யலாமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

மகளுக்குக் காதுக்குள்ளை சின்னக் குழாய் வைச்சவை. அவள் நீந்தவே கூடாதோ?

நடுக்காதுச் சளி வடிவதற்காகச் செவிப்பறையில் வைக்கும் அந்தக் குழாய்க்கும், மேலே சொன்ன ஓட்டைக்கும் வேறுபாடு உண்டு. குழாயின் துளை மிகச் சிறியது, அழுத்தம் இல்லாமல் தண்ணீர் இலகுவில் கடக்காது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வைத்தியர் கழகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டியில், குழாய் வைத்த எல்லாப் பிள்ளைகளுக்கும் வழமையாக அடைப்பான் வைக்கச் சொல்லவோ நீச்சலைத் தடுக்கவோ தேவையில்லை என்றுதான் சொல்லப்பட்டிருக்கின்றது. சுத்தமான தடாகத்தில் மேற்பரப்பில் நீந்துவதற்கு அது பொருந்தும். எங்களுடைய குளத்துத் தண்ணீர், ஆழத்துக்குப் போவது, சவர்க்காரத் தண்ணீரில் தலையை அமிழ்த்துவது, ஏற்கனவே ஒருமுறை காது வடிந்த பிள்ளை என்று வந்தால் அடைப்பான் நல்லது. குழாயை வைத்த வைத்தியர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

நான் கடலட்டைக்குச் சுழியோடுறனான். காதை இறுக்கி அடைச்சால் நோ குறையுமோ?

குறையாது, கூடும், இந்தப் பக்கத்தில் யாராவது ஒரு பதிலை மட்டும் வாசித்தால் அது இதுவாக இருக்கட்டும் என்று விரும்புகின்றேன். கடலில் 10 மீற்றர் இறங்கும்போது அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல இரண்டு மடங்காகின்றது. மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதும்போது நடுக்காதின் அழுத்தமும் உயர்ந்து சமமாகும். துளையை இறுக்கி அடைத்திருந்தால் அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் இடையில் சிக்கிய சிறிதளவு காற்று மட்டும் மேற்பரப்பு அழுத்தத்திலேயே நிற்கும். செவிப்பறை அந்தப் பக்கமாக வெளியே உறிஞ்சப்பட்டு இரத்தம் கட்டும், கிழியவும் கூடும். வெளி அழுத்தம் அடைப்பானையும் உள்ளே தள்ளும்.

ஆகவே இந்தப் பக்கத்தில் சொல்லப்பட்ட அடைப்பான்கள் எல்லாம் மேற்பரப்பில் நீந்துவதற்கு மட்டுமே உரியவை. சுழியோடிகளுக்கென நடுவில் நுண்துளை வைத்துச் செய்யப்பட்டவை வேறாக விற்கப்படுகின்றன, ஆனால் தடிமனோடு இறங்கினால் அவையும் காப்பாற்றா. கிணற்றுக் கட்டிலிருந்து குதிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: காது தட்டையாகத் தண்ணீரில் அடிபட்டால் செவிப்பறை கிழியும், அடைப்பான் அந்த அடியைத் தாங்காது.

காது இப்ப குத்துது, அடுத்த கிழமை போட்டி. அடைச்சுக்கொண்டு நீந்தலாமோ?

வேண்டாம். அழற்சியுள்ள துளையை அடைத்தால் ஈரமும் சீழும் சூடும் உள்ளேயே நிற்கும்; வீங்கிய தோலில் அடைப்பான் உரசினால் வலி இன்னும் கூடும். வைத்தியர் தரும் துளிமருந்தை விட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் நோ குறையத் தொடங்கும். நோ நின்றாலும் அவர் சொன்ன நாட்கள் வரைக்கும் விடவேண்டும். 7 முதல் 10 நாட்கள் வரைக்கும் காதை நனைக்காமல் இருப்பதுதான் வழமை. போட்டிக்காரர்களைச் சில வைத்தியர்கள் நோ முற்றாக நின்ற பிறகு, நன்றாகப் பொருந்திய அடைப்பானோடு முன்னதாக விடுவதுண்டு. அந்த முடிவைப் பயிற்சியாளரோ பாமசிக்காரரோ எடுக்கக்கூடாது.

வீட்டில் கிடக்கும் பழைய துளிமருந்தை எடுத்து விடாதீர்கள். சில துளிமருந்துகள் ஓட்டை உள்ள காதில் பட்டால் கேள்திறனையே கெடுக்கும்.

அடைப்பான் வைச்சும் வருத்தம் வந்திட்டுது. ஏமாத்துறாங்களோ?

ஏமாற்று என்று சொல்லமுடியாது. எந்த அடைப்பானும் கொஞ்சத் தண்ணீரை விடும். விட்ட தண்ணீரை உள்ளேயே வைத்திருப்பதும் அதுதான். ஏறிவந்தவுடன் எடுத்துக் காதை உலர்த்தாமல், பாட்டுக் கேட்கும் கருவியை அதே ஈரக் காதில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போகின்ற இளைஞர்களை நாள்தோறும் காண்கின்றேன். கழுவாத அடைப்பான், அளவு பெரிய அடைப்பான், குறும்பி இறுகியிருந்த துளைக்குள் தள்ளப்பட்ட அடைப்பான் ஆகியவையும் காரணமாகலாம். இவை எதுவும் இல்லையென்றால் இரண்டாம் கேள்விக்குப் போங்கள். உங்களுக்கு வந்தது நடுக்காது வருத்தமாக இருக்கலாம்.

வினாகிரியும் ஸ்பிரிட்டும் கலந்து விட்டால் காது காயும் எண்டு யூடியூப்பிலை பாத்தன்.

வெள்ளை வினாகிரியும் ஐசோபுரோப்பைல் அற்ககோலும் சம அளவில் கலந்து, நீந்திய பிறகு சில துளி விட்டு வடியவிடுவது அறியப்பட்ட முறைதான். அற்ககோல் ஈரத்தை உலர்த்தும், வினாகிரியின் புளிப்புக் கிருமியை அடக்கும். ஆனால் செவிப்பறை முழுமையாக இருக்கின்றது என்று வைத்தியர் பார்த்துச் சொன்ன காதுக்கு மட்டுமே அது பொருந்தும். ஓட்டை, குழாய், சத்திரசிகிச்சை, இப்போது இருக்கும் நோ, கீறல் ஆகியவற்றில் எது இருந்தாலும் விடக்கூடாது. புண் துடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் இதற்கு உரியதல்ல. அதில் வேறு பொருட்களும் கலந்திருக்கலாம்.

உள்ளி போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி விட்டால் சுகம் வராதோ?

நோவுக்கு இதமாக இருந்ததாகச் சொல்கின்றவர்களோடு நான் வழக்காடுவதில்லை. ஆனால் ஈரமான காதில் எண்ணெய் நின்றால் காற்றுப் படாது, பூஞ்சணம் வளரும். கடி நிற்காமல், உள்ளே நனைந்த பத்திரிகைத் தாள்போல வெள்ளையும் கறுப்புப் புள்ளியுமாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். அதைச் சுத்தம் செய்து வேறு மருந்து விடவேண்டும். சூடு அறியாமல் விட்டு வெந்த காதையும் கண்டிருக்கின்றேன்.

எப்பிடிக் கழுவி வைக்கிறது? அண்ணனும் தம்பியும் ஒரே சோடியைப் பாவிக்கலாமோ?

பாவிக்கக்கூடாது, சுகமாக இருக்கும் காலத்திலும்கூட. தட்டு வைத்ததையும் அச்செடுத்ததையும் இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் மென்மையான சவர்க்காரத்திலும் கழுவி, நிழலில் முற்றாக உலர்த்தி, காற்றோட்டமுள்ள பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு பொலித்தீன் பையில் முடிந்துவைத்தால் அடுத்த தடவை காதுக்குள் விடுவது கிருமியைத்தான். விறைத்தால், வெடித்தால், நிறம் மாறினால் எறியுங்கள். களியைக் கழுவ முடியாது. மணலும் மயிரும் ஒட்டியவுடன் அதன் ஆயுள் முடிந்தது.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். கடலிலை முழுகி வந்த பிறகு காது குத்துது எண்டு இரவிலை நித்திரை இல்லை.

இவரை அடைப்பான் வேண்டக் கூட்டிவராமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள், இன்றைக்கே. நீரிழிவு உள்ள முதியவர்களில் வெளிக்காது அழற்சி அரிதாகத் தோலைத் தாண்டி மண்டையோட்டு எலும்புக்குள் இறங்கும். நித்திரையைக் கெடுக்கும் கடும் நோவும் நிற்காத வடிதலும் அதன் அடையாளங்கள். முகம் ஒரு பக்கம் கோணினால் ஒரு மணித்தியாலம்கூடப் பொறுக்கவேண்டாம்.

காதை அடைச்சுப்போட்டு நிக்கிற பிள்ளைக்குக் கரையிலையிருந்து கூப்பிட்டால் கேக்குமோ?

சரியாகக் கேட்காது, அதிலும் தலை தண்ணீருக்குள் இருந்தால். நல்ல அடைப்பானின் குறை என்று நான் உண்மையாகவே நினைப்பது இது ஒன்றைத்தான். எங்களுடைய குளங்களில் முதலை உண்டு. குளம் நிரம்பி மிகைநீர் வழியும், வான் பாயும் காலத்தில் இழுவை உண்டு. தண்ணீரை வெளியே விடும் துருசு திறந்திருக்கும்போது அதன் பக்கத்தில் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் கீழே இழுக்கும். கரையில் நின்று ‘தம்பி, ஏறடா’ என்று கத்துகின்றவரின் குரல் அடைத்த காதுக்கு எட்டாமல் போகக்கூடாது.

சத்தத்தை ஓரளவு உள்ளே விடும் நுண்துளை அடைப்பான்களும் விற்பனைக்கு உண்டு. காதில் ஓட்டை இல்லாதவருக்கு அவை போதும். மற்றவர்கள், கரையிலிருந்து கையால் காட்டும் சைகை ஒன்றை இறங்குவதற்கு முன்னரே பேசிவைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய பிள்ளைகளுக்கு, சிவப்புத் துவாயை அசைத்தால் உடனே ஏறவேண்டும். ஏன் என்று கரையில் வந்துதான் கேட்கவேண்டும்.